மீனுக்குப் போட்டுட்டு வா

“சாமி, இந்த மீன் எத்தனை வருசம் உயிரோட இருக்கும்?”

கப்பல்சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

வாசலில் ஒரு அம்மாள் நின்றாள். அறுபதைத் தாண்டிய வயது. வெளுத்த சேலை. கழுத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கார். அதன் பின் இருக்கையில், சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடி ஓர் இளம்பெண்.

“எந்த மீன்?”

“அந்தத் தொட்டியில இருக்கிறது. கடல் மீன்.”

“எனக்குத் தெரியாது.”

“பத்து வருசங்கிறாக. இருபதுன்னும் சொல்றாக.”

“அப்ப அவ்வளவு இருக்கும்.”

“அவ்வளவு நாள் என்னால முடியாது, சாமி.”

சாமி ஒரு கீரைக் கொத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். உருவ ஆரம்பித்தாள்.

கப்பல்சாமிக்கு வயது நாற்பத்தைந்துதான். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏன் இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டி, ஓட்டுக் கட்டடம் ஒன்றில் இருந்தார். மதியம் கஞ்சி காய்ச்சுவார். வருகிறவர்கள் குடிப்பார்கள். கேள்வியோடு வருகிறவர்களும் உண்டு. பதிலோடு போனவர்கள் குறைவு. ஆனாலும் வந்தார்கள்.

அந்த அம்மாள் பெயர் உமையாள். ஊர் தேவகோட்டை. எல்லோரும் ஆச்சி என்பார்கள். சாமியும் அப்படியே கூப்பிட்டார்.

“யாரோட மீன், ஆச்சி?”

“மகனோடது. நாச்சியப்பன். சென்னையில வேலை பாத்தான். சித்திரையில ஒரு காய்ச்சல் வந்துச்சு. போயிட்டான்.”

சாமி கீரை உருவுவதை நிறுத்தினார்.

“ஆசுபத்திரியில பக்கத்துலயேதான் இருந்தேன். அன்னைக்குக் காலையில கண்ணைத் திறந்தான். ‘ஆத்தா, வீட்டுக்குப் போய் மீனுக்குப் போட்டுட்டு வா’ன்னான். போனேன். போட்டேன். ஓடியாந்தேன்.”

கீரைக்காம்பை ஒடித்தாள்.

“திரையை இழுத்து மூடியிருந்தாக.”

வெளியே காரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“அதுலேருந்து காலையில ஒரு தடவ, பொழுதுசாய ஒரு தடவ. அதுக்குப் போடணுமேன்னுதான் எந்திரிக்கிறேன். அது போயிட்டா நான் எந்திரிக்க வேண்டியதில்ல. ஆனா அது போக மாட்டேங்குது.”

“இங்க எதுக்கு வந்தீங்க?”

“நீங்க வச்சுக்கங்க, சாமி. எது குடுத்தாலும் வாங்கிக்கிருவாருன்னு சொன்னாக. நான் போறேன்.”

“எங்க?”

ஆச்சி வேறொன்று கேட்டாள்.

“போறதுக்கு முந்தி ஒண்ணு தெரியணும். நெசமாவே மீனுக்காகத்தான் அனுப்பினானா? இல்ல, உசுரு போறதை ஆத்தா பாக்கக் கூடாதுன்னு அனுப்பினானா?”

சாமி எழுந்தார்.

காரிடம் போனார். தொட்டியைத் தூக்கி வந்தார். ஜன்னலோரம் இருந்த கல்மேடையில் வைத்தார். பாதித் தண்ணீரில் ஒரு கரிய பாறைத்துண்டு. அதன் பின்னாலிருந்து ஒரே ஒரு மீன் எட்டிப் பார்த்தது. செம்மஞ்சள் உடம்பு. மூன்று வெள்ளைப் பட்டை. கோமாளி மீன் என்பார்கள். நீந்துவது கூட அப்படித்தான், நெளிந்து நெளிந்து, தனக்கே நீச்சல் தெரியாதது போல.

சாமி பானையைத் திறந்தார். பழைய சோற்றில் ஒரு கை அள்ளினார். தொட்டிக்கு மேலே கொண்டுபோனார்.

“ஐயோ! எடுங்க கையை!”

ஆச்சி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கீரை முழுவதும் தரையில் சிதறிக் கிடந்தது.

முற்றத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியை அப்படி யாரும் அதட்டியதில்லை.

“பசிக்குமே” என்றார் சாமி.

“பசிச்சா? சோத்தையா போடுவாக? தின்னாதது அடியில கெடந்து அழுகும். அழுகினா தண்ணி விசமாயிரும். பொழுதுக்குள்ள செத்துரும்.”

“செத்தா நல்லதுதானே. நீங்கதான் போகணும்னீங்க.”

ஆச்சி அவர் கையை விடவில்லை.

“அப்ப எவ்வளவு போடணும்?”

அவள் இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே கடுகு போல் உருண்டைகள். இரண்டு விரலால் கொஞ்சம் கிள்ளித் தூவினாள். மீன் மேலே வந்தது. ஒன்றை வாயில் வாங்கியது. துப்பியது. மறுபடி வாங்கியது.

“இவ்வளவுதான். அது தின்னு முடிக்கிற வரைக்கும் நிக்கணும். நின்னு பாக்கணும்.”

“எனக்குக் கை வராது, ஆச்சி. கப்பல் பூராவுக்கும் ஆக்கிப் போட்ட கை. இருந்து சொல்லிக்குடுங்க.”

“எத்தனை நாள்?”

“வர்ற வரைக்கும்.”

---

இப்படித்தான் ஆச்சி அங்கே தங்கினாள்.

மருமகளும் தங்கினாள். அவள்தான் காரில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவள். மெய்யம்மை. கல்யாணமாகி முழுதாக இரண்டு வருடம் கூட ஆகவில்லை.

பெண்களுக்கு என்று இருந்த அறையில் இருவரும் படுத்தார்கள். ஒரு பாய் இந்தச் சுவரோரம். ஒரு பாய் அந்தச் சுவரோரம்.

காலையில் ஆச்சி தொட்டியின் முன் நிற்பாள். சாமி வந்து பக்கத்தில் நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

“கிள்ளுங்க.”

கிள்ளுவார்.

“கூட.”

குறைப்பார்.

“இன்னும் கூட.”

“இதுவா?”

“இது ஒண்ணுமே இல்ல. பட்டினியா போடப் போறீங்க?”

ஒரு நாளும் அவருக்கு அளவு வரவில்லை.

இறால் வாங்கி வந்தால் அதைத் தோல் உரித்து, கத்தி முனையால் பொடிப் பொடியாகச் சுரண்ட வேண்டும். அதையும் ஆச்சி காட்டிக்கொடுத்தாள். கப்பலில் பெரிய பெரிய மீனை வெட்டியவர், நகத்தளவு இறாலோடு போராடினார்.

“உங்களுக்கு வரவே வராது, சாமி.”

“வரல” என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு நாள் அவர் கேட்டார். “கடல் அந்தா இருக்கு. அதுலயே விட்டுறலாமே?”

“அது கடலைப் பாத்ததே இல்ல. தொட்டியிலயே பொரிச்சு, தொட்டியிலயே வளத்தது. கடல்ல விட்டா ஒரு நாள் தாங்காதுன்னு நாச்சி சொல்லுவான்.”

சாமி ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆச்சி ஒரு வேளைதான் சாப்பிட்டாள். அதுவும் அரைக் கரண்டிக் கஞ்சி. குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிடுவாள். அவள் எழுந்து போன பிறகுதான் மெய்யம்மை வந்து உட்காருவாள்.

“மருமகளோட பேச மாட்டீங்களா?” என்று சாமி கேட்டார்.

“பேச என்ன இருக்கு?”

“முன்ன இருந்துச்சா?”

ஆச்சி இறால் தோலை ஒதுக்கினாள்.

“திரைக்கு உள்ள இருந்தவ அவ. வெளிய நின்னவ நான்.”

அடுத்த இறாலை எடுத்தபடி அவளே சொன்னாள். “அவ ஆத்தா வீட்டுல கூப்பிட்டுக்கிட்டே இருக்காக. சின்ன வயசு. போன்னு சொல்லிட்டேன். போக மாட்டேங்கிறா.”

“ஏனாம்?”

“கேக்கல.”

“கேக்கல” என்றார் சாமியும்.

---

மெய்யம்மையின் வேலை தண்ணீர்.

கடலிலிருந்து குடத்தில் மொண்டு வருவாள். தெளிய வைப்பாள். துணியில் வடிகட்டுவாள். வாரம் ஒரு முறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இதை ஊற்றுவாள். ஆனால் தினமும் தொட்டியில் ஊற்றியது குடிக்கிற தண்ணீர்.

சாமி அதைப் பார்த்துவிட்டார்.

“கடல் மீனுக்கு நல்ல தண்ணியா?”

“வத்துறது தண்ணி மட்டுந்தான், சாமி. உப்பு வத்தாது. அங்கேயேதான் கெடக்கும். வத்த வத்தக் கடல் தண்ணியவே ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். ஒரு நாள் மீன் தாங்காது.”

“யாரு சொன்னது?”

“அவுகதான்.”

அவள் சொன்னது அவ்வளவுதான். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாமி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

---

ஒரு காலையில் ஆச்சி பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“கத்துக்கிட்டீங்களா, சாமி? நான் கிளம்புறேன்.”

“எங்க?”

“கேக்காதீங்க.”

“மருமக?”

“அவ ஆத்தா வீட்டுக்குப் போவா. போய்த்தானே ஆகணும்.”

சாமி தலையசைத்தார். டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். தொட்டியில் அப்படியே தட்டினார்.

உருண்டைகள் தண்ணீர் முழுக்க மழை போல் இறங்கின.

ஆச்சி பையைப் போட்டாள். முழங்கை வரை தொட்டிக்குள் விட்டாள். சின்ன வலையால் அள்ளினாள். கரண்டியால் அள்ளினாள். ஏசிக்கொண்டே அள்ளினாள். மனுசனா நீங்க, சாமியாம் சாமி, ஒரு உசுரோட அருமை தெரியுமா உங்களுக்கு, என்றாள். மெய்யம்மை ஓடி வந்து மறுபக்கம் நின்று தண்ணீரை இறைத்தாள்.

மதியம் ஆகிவிட்டது.

பை மூலையில் கிடந்தது. சாயங்காலம் மீனுக்கு எதுவும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆச்சி பையிலிருந்த சேலையை எடுத்துக் கொடியில் போட்டாள்.

---

ஐப்பசியில் புயல் வந்தது.

முதலில் கரண்ட் போனது. தொட்டியில் காற்றடிக்கும் மோட்டார் நின்றது. குமிழிகள் நின்றன. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

“தண்ணிக்குக் காத்து வேணும். இல்லாட்டி செத்துரும்” என்றாள் மெய்யம்மை.

சாமி ஒரு டம்ளரை எடுத்தார். தொட்டியில் மொண்டார். உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார். மொண்டார். ஊற்றினார்.

கை வலித்ததும் ஆச்சியிடம் கொடுத்தார்.

வெளியே தென்னை ஒன்று முறிந்து விழுந்தது. ஓடுகள் சரிந்தன. ஒரு மூலையில் மழை உள்ளேயே பெய்தது.

“பொழைக்குமா, சாமி?”

“ஊத்துங்க.”

“இன்னும் எத்தனை நேரம்?”

“ஊத்துங்க, ஆச்சி.”

ஆச்சியின் தோள் மரத்துப்போனது. டம்ளர் நழுவியது. மெய்யம்மை அதை அவள் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஆச்சி போய்ப் படுக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, மெய்யம்மையின் கை எப்போது தளரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தளர்ந்ததும் கையை நீட்டினாள்.

மாறி மாறி ஊற்றினார்கள். அன்று கஞ்சி இல்லை. யாரும் வரவும் இல்லை.

மறுநாள் மதியம் கரண்ட் வந்தது. குமிழி கிளம்பியது.

மீன் பாறையைச் சுற்றி ஒரு முறை வந்தது. கண்ணாடி அருகில் நின்று ஆச்சியைப் பார்த்தது. பசி.

ஆச்சி கிள்ளிப் போட்டாள். “தின்னுடி என் ராசாத்தி” என்றாள். மெய்யம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

---

புயலில் பிழைத்த மீன், கார்த்திகையில், வெயிலடித்த ஒரு காலையில் செத்துக் கிடந்தது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நன்றாகத்தான் தின்றது.

ஆச்சி வெகுநேரம் நின்றாள். அழவில்லை.

“ஏன் செத்துச்சு?”

“தெரியாது” என்றார் சாமி.

“நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

“தெரியாது, ஆச்சி.”

“உங்களுக்கு என்னதான் தெரியும்?”

சாமி மோட்டாரை நிறுத்தினார்.

ஆச்சி டப்பாவின் மூடியை இறுக்கி மூடினாள். கல்மேடையில் வைத்தாள். அதற்குப் பிறகு கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆச்சு. இனி எந்திரிக்க வேண்டியதில்ல. அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல. இப்பச் சொல்லுங்க. எதுக்காக என்னைய அனுப்பினான்?”

“நான் அங்க இல்லையே, ஆச்சி.”

அவள் காத்திருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்று பார்த்தாள்.

வரவில்லை.

மெய்யம்மை பூவரச இலை ஒன்றைப் பறித்து வந்திருந்தாள். மீனை அதில் எடுத்தாள். கடலை நோக்கி நடந்தாள். இவர்கள் இருவரும் பின்னால் போனார்கள்.

அந்தப் பக்கம் கடல் ஆழமில்லாதது. அலையும் பெரிதாக இருக்காது. இடுப்பளவு தண்ணீர் வேண்டுமென்றால் வெகுதூரம் நடக்க வேண்டும்.

மெய்யம்மை முழங்காலளவில் நின்று மீனை விட்டாள். சிற்றலை ஒன்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் காலில் சேர்த்தது. எடுத்தாள். இன்னும் கொஞ்சம் உள்ளே போய் விட்டாள். அது மறுபடி வந்தது.

எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நடந்துகொண்டே இருந்தாள்.

கரையிலிருந்து பார்க்க அவள் சிறுத்துப்போனாள். கை கீழே போவது தெரிந்தது. மீனை விட்டுவிட்டாள். வெறுங்கையோடு நின்றாள்.

திரும்புவாள் என்று பார்த்தார்கள். திரும்பவில்லை. முன்னால்தான் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

“சாமி” என்றாள் ஆச்சி. “சாமி, என்ன பண்றா அவ?”

சாமி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே திரும்பினார்.

“கூப்பிடுங்க, ஆச்சி. என் குரலுக்கு நிக்காது.”

சித்திரையிலிருந்து ஆச்சி அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இந்தா, அதை எடு, இதை வை, அவ்வளவுதான். இப்போது வாயைத் திறந்தாள்.

“மெய்யம்மை!”

காற்று எதிரில் அடித்தது.

ஆச்சி கடலுக்குள் ஓடினாள். சேலை காலைச் சுற்றியது. விழுந்தாள். எழுந்தாள். உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனது. அதைத் துப்பிக்கொண்டே கத்தினாள்.

“மெய்யம்மை! ஆத்தா! வந்துரு ஆத்தா! என்னைய விட்டுட்டுப் போயிராத ஆத்தா!”

தூரத்தில் அந்தத் தலை நின்றது.

வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பியது.

---

ஈர மணலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமி தள்ளி நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“மீன் திரும்பித் திரும்பி வந்துச்சு, அயித்தை. அதான்” என்றாள் மெய்யம்மை.

ஆச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விடவில்லை.

“எனக்கும் யாரும் இல்ல, அயித்தை.”

“ம்.”

“ஆத்தா வீட்டுக்குப் போனா அவுகளைப் பத்திப் பேசக்கூட ஆள் கெடையாது. உங்களோட இருந்தா, பேசாட்டியும், நீங்க அவுகளைத்தான நினைச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு இருக்கும்.”

ஆச்சி கடலைப் பார்த்தாள். கேட்பதற்குப் பயமாக இருந்தது. கேட்டாள்.

“எதுக்கு என்னைய அனுப்பினான்?”

மெய்யம்மை மணலைக் கிளறினாள்.

“நீ உள்ள இருந்த. உனக்குத் தெரியும்.”

“நீங்க ரெண்டு நாளாச் சாப்பிடல” என்றாள் மெய்யம்மை. “அவுக பாத்துக்கிட்டே இருந்தாக. ‘சாப்பிடச் சொன்னா ஆத்தா நகராது. மீனுக்குன்னா போகும். வீட்டுல என்ன இருக்கு’ன்னு எங்கிட்டக் கேட்டாக. சோறாக்கி, மொளகு ரசம் வச்சு, தட்டுப் போட்டு மூடி வச்சுருக்கேன்னேன். ‘அப்பச் சரி. கண்ணுல பட்டா ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டுத்தான் வரும்’னாக. அதுக்கப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாக.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், அயித்தை. சாகப்போறோம்னு அவுகளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போயிட்டு வரும்போது போன் சார்ஜர் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாக.”

ஒரு நண்டு மணலிலிருந்து வெளியே வந்தது. இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல.”

பிறகு, தணிந்த குரலில் சொன்னாள்.

“எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பாத்தேன். தட்டு மூடினது மூடினபடி இருந்துச்சு. சோறு ஊசிப்போயிருந்துச்சு. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? நாந்தான் கொட்டிட்டுக் கழுவிக் கவுத்தேன்.”

ஆச்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. எப்போது இப்படி ஆனாள் என்று ஆச்சிக்குத் தெரியவில்லை.

அவள் அழ ஆரம்பித்தது அப்போதுதான். சத்தமாக, வாயைத் திறந்து, சின்னப்பிள்ளை போல அழுதாள். மெய்யம்மை சமாதானம் சொல்லவில்லை. அவளுக்கும் அழ இருந்தது.

சாமி அவர்கள் பக்கம் வரவில்லை. வேட்டி காய்ந்த பிறகும் அங்கேயே நின்றார்.

வெயில் ஏறியது.

ஆச்சி எழுந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். முந்தானையும் உப்பாகத்தான் இருந்தது. மெய்யம்மையை எழுப்பி, முன்னால் நடக்கவிட்டு, பின்னால் வந்தாள்.

கட்டடத்துக்குள் அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

“கஞ்சி இருக்கா, சாமி?”

“இல்ல. இன்னைக்கு அடுப்பே மூட்டல.”

“இவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல.”

“நீங்க?”

“நானும்தான்.”

சாமி அரிசிப் பானையைக் காட்டினார்.

ஆச்சி ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். படியை எடுத்தாள். பானைக்குள் கையை விட்டவள் நின்று திரும்பினாள்.

“ரெண்டு பேருக்குப் போடட்டுமா, சாமி?”

“எனக்கும் பசிக்குது, ஆச்சி.”